எங்கள் டிராக்டரின் பொறியைத் திருடியவர்

எங்கள் டிராக்டரிலிருந்து அவர் நெருப்புப் பொறியைத் திருடிக்கொண்டு போய்விட்டார் என்றுதான் நான் நம்பினேன். சிரிக்காதீர்கள். டிராக்டரிலிருந்து பேட்டரியைத் திருடுவார்கள், டீசலைத் திருடுவார்கள். கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒருமுறை சீட்டையே கழற்றிக்கொண்டு போனார்கள். பொறியைத் திருட முடியும் என்று நம்பிய ஒரே பட்டதாரி, அன்றைய வட ஆற்காடு ஜில்லாவிலேயே நான் ஒருவன்தான். எண்பதுகளின் நடுவில் எனக்கு இருபத்தாறு வயது. பி.காம். முடித்துவிட்டுத் தபாலில் ரேடியோ ரிப்பேர் படித்து, பதினெட்டுப் பாடத்தில் ஏழாவதோடு நிறுத்தியிருந்தேன். ஏழு என்பது ஆபத்தான அளவு. ஒன்றுமே படிக்காதவன் மெக்கானிக்கைக் கூப்பிட்டுவிட்டு ஓரமாக நிற்பான். ஏழு படித்தவன் யார் எடுத்தது என்று தேட ஆரம்பித்துவிடுவான்.

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஒருமுறை நான் அதைக் கெடுத்தது போதும். எல்லோருக்கும் அவர் ‘மெக்கானிக்கு’தான். திருவண்ணாமலையில், செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், ஒரு டீக்கடைக்குப் பின்னால் நாலு தகரத்தைச் சாய்த்து வைத்திருந்தார், அதுதான் ஷெட். வெள்ளைக்காரர்களின் மொபெட்டும் நம்மாட்களின் பம்புசெட் என்ஜினும் அங்கே பக்கத்தில் பக்கத்தில் குடல் சரிந்து கிடக்கும். ஐம்பதை நெருங்கிய ஒல்லி ஆள். காக்கிப் பேன்ட், மேல் பட்டன் வரை பூட்டிய சட்டை. அதிகம் பேசமாட்டார். பேசினால் முக்கால்வாசி ஒரே வார்த்தைதான்: “பாத்துக்குங்க.”

எந்த வண்டியைத் திறந்தாலும் முதலில் ஒரு பழைய வெள்ளை வேட்டியைத் தரையில் விரிப்பார். கழற்றும் திருகு, வாஷர், ஸ்பிரிங் எல்லாம் அதில் வரிசையாக வந்து உட்காரும். வண்டிக்காரன் பக்கத்திலேயே நிற்க வேண்டும். டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று நகர்ந்தால் அவர் கை நின்றுவிடும். திரும்பி வந்து நின்ற பிறகுதான் ஸ்பானர் அசையும்.

“இது உங்க வாஷர். ரெண்டு. பாத்துக்குங்க.”

மாட்டும்போதும் அதையே சொல்வார். தேய்ந்துபோன சாமானைக்கூடக் காகிதத்தில் மடித்து நம் கையில் வைத்துவிடுவார். “இது எதுக்கு மெக்கானிக்கு, தூக்கிப் போடுங்க” என்றால், “உங்க சாமானு. நீங்க தூக்கிப் போடுங்க” என்பார்.

கிளம்பும்போது இன்னொன்று செய்வார். நம் வாசலோ வேலியோ களத்து வரப்போ, நம் இடம் எங்கே முடிகிறதோ அங்கே ஒரு நொடி நின்று இரண்டு கைகளையும் தோளுக்கு மேலே தூக்கி விரல்களை விரிப்பார். பிறகு போய்விடுவார். எங்கள் கொல்லையிலிருந்து, அதாவது நிலத்திலிருந்து, பார்த்தால் அந்தத் திசையில் மலை தெரியும். அதனால் அவர் அண்ணாமலையாரைக் கும்பிடுகிறார் என்று என் அம்மா வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தாள். “தொழில் பண்றவன்னா இப்டி இருக்கணும்” என்று என்னிடம் இரண்டு முறை சொல்லியிருக்கிறாள்.

டீக்கடைக்காரர்தான் விஷயத்தைச் சொன்னார். மெக்கானிக் முன்பு வேறு ஊரில் ஒரு பஸ் கம்பெனி ஷெட்டில் பதினாலு வருஷம் வேலை பார்த்தவர். தினமும் வீட்டுக்குக் கிளம்பும்போது கேட்டில் நிற்கவைத்துத் தடவிப் பார்த்துத்தான் விடுவார்களாம். ஒருநாள் ஒரு டைனமோ காணாமல் போயிற்று. “இவரு எடுத்தாரோ, வேற எவனாச்சும் எடுத்தானோ, சாமிக்குத்தான் தெரியும். சீட்டக் கிழிச்சி அனுப்பிட்டாங்க. வேலை போயி பத்து வருசம் ஆவுது. கை மட்டும் அதுபாட்டுக்குத் தூக்கிக்கினே கீது, பாவம்” என்றார்.

பாவம் என்று நானும் சொன்னேன். சொன்ன வாய் சும்மா இருக்கவில்லை. அடுத்த முறை அவர் எங்கள் வேலியோரம் நின்று கையைத் தூக்கியபோது, அத்தனை பேர் முன்னாலும் போலீஸ்காரன் மாதிரி நடந்து போய் அவர் சட்டைப் பாக்கெட்டில் கைவிட்டு ஒரு பீடிக்கட்டை எடுத்துக் காட்டினேன். “மாட்டிக்கிட்டாரு! திருட்டு பீடி!” களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. கையைக் கீழே இறக்கவும் இல்லை. மெதுவாகத் திரும்பி நின்றார்.

“பின்னாடி ஒரு பாக்கெட் இருக்குது தம்பி. அதையும் பாத்துக்குங்க.”

நான் அதற்கும் சிரித்தேன்.

இப்போது டிராக்டருக்கு வருகிறேன். ஊரில் எல்லா டிராக்டரும் டீசலில் ஓடும்போது எங்களுடையது மட்டும் பெட்ரோலில் கிளம்பிக் கிருஷ்ணாயிலில் ஓடும் கிழடு. எழுபதுகளில் அப்பா ஏலத்தில் எடுத்தது. பொறி உண்டாக்குவதற்கென்று உள்ளே மூடித் திறக்கும் பாயின்ட் ஒன்று உண்டு. மாதத்துக்கு ஒருமுறை அது கருகிவிடும். உப்புத்தாள் வைத்து நான் தேய்ப்பேன். மறுபடி கருகும்.

அந்தச் சமயத்தில் ஒரு வெள்ளைக்காரர் தன் நாட்டிலிருந்து தரைவழியாகவே ஒரு வேனை ஓட்டிக்கொண்டு திருவண்ணாமலை வந்தார். வேன் இங்கேயே படுத்துவிட்டது. அதைத் தகர விலைக்குத் தள்ளிவிட்டு ஊர் திரும்பியவர், அதில் பொறி வரவைக்கும் எலக்ட்ரானிக் இக்னிஷன் டப்பாவை மட்டும் மெக்கானிக்குக் கொடுத்துவிட்டுப் போனார். இவரோ அதைச் சும்மா வாங்கிக்கொள்ளவில்லை. ‘நானாகக் கொடுத்தேன்’ என்று ஆங்கிலத்தில் எழுதி வாங்கி, அந்தத் தாளை ஷெட்டில் கம்பியில் குத்தி வைத்திருந்தார். அந்த டப்பாவைத்தான் எங்கள் டிராக்டரில், என்ஜின் பக்கத்தில் ஓர் இரும்புப் பட்டை வைத்து, இரண்டு போல்ட்டில் முடுக்கினார். அதன் பிறகு பாயின்ட் கருகவில்லை. இரண்டு வருஷம் வண்டி சொன்ன பேச்சைக் கேட்டது.

ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் முன்னால் வந்து பிளக்கைக் கழற்றித் துடைத்தார். டப்பாவின் மூடியைத் திறந்து ஊதித் தூசி எடுத்தார். நான் பக்கத்தில் நின்றேனா? நின்றேன். பார்த்தேனா? அன்று வந்த வாரப் பத்திரிகையைப் படித்துக்கொண்டு நின்றேன்.

அவர் போனதும் எனக்கு ஒரு ஞானோதயம். பூஜைக்கு எல்லோரும் வண்டியைக் கழுவிப் பொட்டு வைக்கிறார்கள். நாம் பெயிண்டே அடித்தால் என்ன? சிவப்பு எனாமல் வாங்கிவந்தேன். டப்பாவைக் கழற்றி அதற்கும் அடித்தேன். அது உட்காரும் பட்டைக்கு முன்னும் பின்னும் இரண்டு கோட்டிங் கொடுத்தேன். யாரும் பார்க்காத இடத்திலும் அழகு இருக்கவேண்டும் என்பது அப்போது என் கொள்கை. போல்ட் மரையிலெல்லாம் பெயிண்ட் வழிந்து இறங்கியது. காய்ந்ததும் மாட்டினேன். மறுநாள் ஆயுத பூஜை. சந்தனம், குங்குமம், சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம். ஆயுதங்களுக்கு அன்று ஓய்வு, யாரும் எதையும் தொடக்கூடாது. நானும் தொடவில்லை.

விஜயதசமி காலை ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினேன். வண்டி இருமக்கூட இல்லை.

எதற்கு அவ்வளவு பதறினேன் என்று கேட்பீர்கள். மூன்று ஏக்கர் வேர்க்கடலையைக் கொடியோடு பிடுங்கிக் கொல்லையில் குவித்திருந்தோம். எங்கள் பக்கம் அதற்கு மல்லாட்டை என்று பெயர். மழை பட்டால் கொடியிலேயே முளை விட்டுவிடும். கிழக்கே மேகம் கறுத்திருந்தது. டிராக்டர் வந்ததும் மாடுகளை விற்றாயிற்று. அக்கம்பக்கத்து டிராக்டர்கள் அவரவர் கடலைக்குப் பறந்துகொண்டிருந்தன. அப்பா வரப்பில் உட்கார்ந்து வானத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். வானத்தைப் பார்த்தபோது இருந்த மரியாதை என்னைப் பார்த்தபோது இல்லை.

பிளக் ஒயரைக் கழற்றி என்ஜின் இரும்புக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு சித்தப்பாவைச் சுற்றச் சொன்னேன். பொறி வரவில்லை. நாலு ஒயரிலும் வரவில்லை. பேட்டரியைத் துடைத்தேன். சக்கரத்தடியில் நசுங்காத எலுமிச்சம்பழத்தை நசுக்கினேன். கற்பூரம் ஏற்றப் போனவனை, பெட்ரோல் வண்டி என்று சித்தப்பாதான் இழுத்துப் பிடித்தார். கடைசியில் டப்பாவைக் கழற்றி மூடியைத் திறந்தேன். உள்ளே அட்டையில் எல்லா இடத்திலும் ஏதேதோ சாமான் நின்றது. ஓர் இடத்தில் மட்டும் இரண்டு ஓட்டை காலியாக இருந்தது.

என் ஏழு பாடமும் ஒன்றாகக் கூவின. மூன்று நாள் முன்னால் இதைத் திறந்து ஊதியது யார்?

டப்பாவை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். டீக்கடையில் பத்துப் பேர், இரண்டு வெள்ளைக்காரர்கள். அவர் ஒரு மொபெட்டின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்.

“இன்னா மெக்கானிக்கு, இதுல இருந்தது எங்க?”

“எது தம்பி?”

“இந்த ரெண்டு ஓட்டையில இருந்த சாமானு.”

கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தார். “அதுல ஒண்ணும் இல்ல தம்பி. வரும்போதே அப்டித்தான் இருந்துச்சி. செஞ்சவன் ஓட்டையப் போட்டுட்டு காலியா வுட்டிருக்கான்.”

“ஓட்ட போடத் தெரிஞ்சவனுக்கு சாமான் வெக்கத் தெரியாதா? நான் ரேடியோ படிச்சவன். என்கிட்டயே கத வுடுறீங்களா?”

“டப்பாவக் கழட்டிப் பையில போட்டுக்கினு வந்தா நான் இன்னாத்தச் சொல்றது? வண்டியப் பாக்காம சொல்லக்கூடாது. இருங்க, கையக் கழுவிக்கினு வரேன்.”

அங்கே நிறுத்தியிருக்கலாம். கடையில் எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஆள் கூடிவிட்டால் போதும், வாய் தானாக ஓடும்.

“பாக்கறதுக்கு இன்னா இருக்குது? அங்க டைனமோ, இங்க இது. ஆளு மாறல, சாமானுதான் சின்னதாயிடுச்சி.”

இரண்டு பேர் சிரித்தார்கள். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார். மெக்கானிக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பாக்கெட்டில் வைத்து, அதன் பட்டனையும் போட்டார்.

“நடங்க சார்” என்றார்.

அதுவரை நான் தம்பி. அன்றிலிருந்து சார்.

கொல்லையில் அப்பா, சித்தப்பா, கடலை ஆய வந்த பெண்கள் எல்லோரும் நின்றிருந்தார்கள். விஷயம் எங்களுக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது. நான் பஸ் ஏறும் முன்பே சித்தப்பாவிடம் சொல்லிவிட்டுத்தானே போயிருந்தேன். மெக்கானிக் யாரையும் பார்க்கவில்லை. வேட்டியை விரித்தார். டப்பாவைப் பழைய இடத்தில் மாட்டினார். சின்ன பல்பு ஒன்றில் இரண்டு ஒயர் கட்டி வைத்திருப்பார். அதை பேட்டரியில் வைத்தார், எரிந்தது. சுவிட்சில் வைத்தார், எரிந்தது. காயிலில் வைத்தார், எரிந்தது.

“கரன்ட் இது வரைக்கும் வருது. பாத்துக்குங்க” என்றார் அப்பாவிடம்.

காயிலிலிருந்து வரும் நடு ஒயரை இரும்புக்கு அருகே பிடித்துச் சுற்றச் சொன்னார். சித்தப்பா சுற்றினார். பொறி இல்லை. அவர் கொஞ்ச நேரம் டப்பாவையே பார்த்தார். பிறகு பையிலிருந்து ஒரு துண்டு ஒயரை எடுத்து, டப்பாவின் ஓரத்தில் பெயிண்டைச் சுரண்டி ஒரு முனையை அங்கே அழுத்தினார். மறுமுனையை என்ஜின் இரும்பில் வைத்தார்.

“இப்ப சுத்துங்க.”

டப்! நீலமாக ஒரு பொறி, அரை விரல் நீளத்துக்கு.

ஒயரை எடுத்தார். பொறி இல்லை. வைத்தார். டப்.

ஏழு பாடத்தில் நான் ஒழுங்காகப் படித்தது ஒன்றே ஒன்றுதான்: கரன்ட் போனால் திரும்பி வர ஒரு வழி வேண்டும். அந்தப் பட்டையின் வழியாகத்தான் டப்பாவுக்கு அந்த வழி. என் இரண்டு கோட்டிங் சிவப்பு எனாமல் அதை அடைத்திருந்தது. எனக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. டப்பாவை மாட்டிய அன்றே அவர் சொல்லியிருக்கிறார், “இது எப்பவும் இரும்பத் தொட்டுக்கினே இருக்கணும் தம்பி” என்று. நான் தலையாட்டியதும் நினைவு வந்தது.

அவர் பட்டையைக் கழற்றி, உப்புத்தாள் போட்டு, முன்னும் பின்னும் இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்தார். மரையையும் சுத்தம் செய்தார். முடுக்கினார். முதல் சுற்றிலேயே வண்டி கிளம்பியது.

அப்பா கிட்டே வந்தார். “இன்னாப்பா கேடு?”

“எர்த்து இல்லீங்க. டப்பா இரும்பத் தொடல.”

“ரெண்டு வருசமா தொட்டுக்கினு இருந்தது இப்ப ஏன் தொடல?”

மெக்கானிக் திரும்பினார். என்னைப் பார்த்தார். அதில் கோபம் இல்லை. சொல்லவேண்டியது நீங்கள் என்பதுபோல் பார்த்தார். அவரே சொல்லியிருந்தால், தப்பிக்க வீட்டுப் பிள்ளை மேல் பழி போடுகிறான் என்றுதான் எல்லோரும் சொல்லியிருப்பார்கள். அது அவருக்குத் தெரியும். அந்த ஊரில் அவருக்கென்று இருந்த நல்ல பெயர் முழுவதும் அப்போது என் வாயில் இருந்தது. ‘நான் அடிச்ச பெயிண்டாலதாம்ப்பா தொடல.’ இவ்வளவுதான். சித்தப்பா பார்க்கிறார், பெண்கள் பார்க்கிறார்கள், ரேடியோ படித்த பிள்ளை என்று அப்பா ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறார். பத்துப் பேர் கூடினால் தானாக ஓடும் வாய் அன்று ஓடவில்லை.

வேட்டியில் உதிர்ந்திருந்த சிவப்புத் தூளையும் செதிலையும் அவர் கூட்டி எடுத்தார். ஒரு காகிதத்தில் மடித்தார். என் கையில் வைத்தார்.

“உங்க சாமானு சார். பாத்துக்குங்க.”

நான் அதை டிரவுசர் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.

சித்தப்பா அப்பா பக்கம் திரும்பினார். “பாத்தியாண்ணா? எடுத்தத கொண்டாந்து வச்சிட்டான். பையன் ரெண்டு அதட்டு அதட்டுனதும் தானா வந்துடுச்சி பாரு!” பெண்கள் சிரித்தார்கள். அப்பா என் தோளைத் தட்டினார். என்னைப் பாராட்டி அவர் தட்டியது அதற்கு முன் எப்போது என்று எனக்கு நினைவில்லை.

மெக்கானிக் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். வரப்பு முடிகிற இடத்தில் நின்று கையைத் தூக்கினார். இந்த முறை சித்தப்பா நிஜமாகவே போனார். சட்டைப் பையைத் திறந்து பார்த்தார். இடுப்பைத் தடவினார். கருவிப் பையை வரப்பில் கொட்டிக் கிளறினார். நான் என்ன செய்தேன்? டிராக்டரில் ஏறி உட்கார்ந்து ஆக்சிலேட்டரை இழுத்தேன். அந்தச் சத்தத்தில் எதுவும் காதில் விழாது.

சாயங்காலத்துக்குள் கடலை முழுவதும் வீட்டுக்கு வந்துவிட்டது. அதன் பிறகுதான் மழை. ஒரு காய்கூட முளைக்கவில்லை.

இதை நான் ஒரு கதையாக ஆக்கினேன். அதைத்தான் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. கல்யாண வீட்டில், சலூனில், பஸ்ஸில், ‘பொறியத் திருடுன மெக்கானிக்கு’ கதையைச் சொல்லச் சொல்லிக் கேட்பார்கள். அவர் நடை, குரல், கையைத் தூக்குவது எல்லாம் செய்து காட்டுவேன். பந்தியில் சாப்பிடுகிறவர்களுக்குப் புரை ஏறும். ஒவ்வொரு முறையும் காலி ஓட்டை இரண்டும் கதையில் உண்டு. பெயிண்ட் மட்டும் கிடையாது.

பம்புசெட்காரர்கள் ஒவ்வொருவராக வேறு ஷெட்டுக்குப் போனார்கள். சொல்லிவிட வேண்டும் என்று நான் மூன்று முறை செங்கம் ரோட்டுக்குப் போனேன். முதல் முறை, அவர் தலை நிமிராமல் வேலை செய்துகொண்டிருந்தார். டீ குடித்துவிட்டுத் திரும்பினேன். இரண்டாம் முறை, வழக்கத்துக்கு மாறாக ஷெட்டில் வண்டியே இல்லை. அவர் சும்மா உட்கார்ந்திருந்தார். கூட்டம் இல்லாததால் சொல்ல வசதியாகத்தான் இருந்தது. அதற்கும் ஒரு டீ குடித்தேன். மூன்றாம் முறை நாலு தகரமும் இல்லை, தரையில் ஆயில் கறை மட்டும் இருந்தது. “வர்றவங்க ஒரு மாதிரி பேசறாங்க சார், நானும் கடை நடத்தணும் இல்ல” என்றார் டீக்கடைக்காரர். டவுனில் எந்த ஒர்க்ஷாப்பும் அவரை உள்ளே விடவில்லையாம்.

அடுத்த வருஷம் கடலை மூட்டைகளோடு மண்டிக்குப் போனபோது அவரைப் பார்த்தேன். தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். காக்கிப் பேன்ட் இல்லை, அரை டிரவுசர். எங்கள் டிரெய்லரிலிருந்து மூட்டைகளை இறக்கியவர்களில் அவரும் ஒருவர். இறக்கி முடிக்கும்வரை நான் எதிர்ப்பக்கச் சக்கரத்துக்குக் காற்று இருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல காற்று இருந்தது.

அதற்கடுத்த கோடையில் மண்டியில் மூட்டையோடு, லாரிக்குச் சாய்த்த பலகையில் ஏறும்போது விழுந்தார். கழுத்தில் அடி. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தார், பிறகு இறந்துபோனார். மண்டியிலிருந்து வந்த அப்பாதான் சாப்பிடும்போது சொன்னார்.

“நம்ம டப்பாவுல சாமான எடுத்தானே, அவன் பூட்டான். திருட்டுக் கை. ஆனா வேலைக்காரன்டா.”

“ஆமாம்ப்பா” என்றேன். அம்மா மோர் ஊற்றினாள். சாப்பிட்டேன்.

அப்பா இறந்து பதினோரு வருஷம் ஆகிறது. அவரிடமும் நான் சொல்லவில்லை.